மருந்துக் கம்பெனி

என் அக்கா மகளுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்த செய்தி, எனக்கு வருவதற்கு முன்பே அக்கா குடியிருக்கும் தெருவில் முக்கால்வாசிப் பேருக்குப் போய்விட்டிருந்தது. அக்கா என்னிடம் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே, முட்டு வலிக்கு அந்தக் கம்பெனியில் ஏதாவது போடுகிறார்களா என்று எதிர்வீட்டு அம்மாள் பக்கத்தில் நின்று விசாரிப்பது எனக்கும் கேட்டது. நானும் என் பங்குக்கு ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றிக் கேட்டுவைத்தேன். குடும்பத்தில் ஒருத்தர் அந்தத் துறையில் இருப்பது நல்லதுதானே. நான் வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன். என் கட்டுரைக்கும் நான் போடும் மாத்திரைக்கும் ஓர் ஒற்றுமை உண்டு, இரண்டும் தூக்கம் வரவழைக்கும் என்று என் மனைவி சொல்வாள்.

செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்படாத ஒரே ஆள் அவள் அப்பா, என் அத்தான்தான்.

நடந்தது இதுதான். என் மருமகளான அந்த அக்கா மகள் தன் அம்மாவிடம் சொன்ன முழு வாக்கியம், "ராக்கெட்டுக்கு மருந்து செய்யுத கம்பெனிம்மா" என்பது. அக்காவுக்கு ராக்கெட் நம்பும்படியாக இல்லை. அதை மட்டும் கழித்துவிட்டு மீதி வாக்கியத்தை வைத்துக்கொண்டாள். கல்யாணம் ஆகாமல் முப்பதைத் தாண்டிய பெண்ணின் உத்தியோகத்தைத் தெருவில் சொல்வதற்கு மருந்துக் கம்பெனி கௌரவமாகவும் இருந்தது. பக்கத்து அறைக் கட்டிலில் படுத்திருந்த அத்தான் காதில் முழு வாக்கியமும் விழுந்தது. ராக்கெட் காதில் விழாமல் போயிருந்தாலும் அவருக்கு அர்த்தம் மாறியிருக்காது. அவர் பிழைத்த உலகத்தில் மருந்து என்றால் ஒன்றுதான். வெடிக்குள் கெட்டிக்கிற மருந்து. மாத்திரையை அவர் மாத்திரை என்றுதான் சொல்வார்.

அத்தான் வேலை பார்த்தது ராஜபாளையத்துக்கும் அப்பால் ஒரு பொடிக் கம்பெனியில். அலுமினியத்தைப் பொடியாக்குவதுதான் அங்கே வேலை. அந்தப் பொடியில் ஒரு பாதி பெயிண்டுக்குப் போகும், ஒரு பாதி பட்டாசுக்குப் போகும். கம்பெனி இப்போது இல்லை. அவர் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போது புருவம், காது மடல், கழுத்து மடிப்பு எல்லாம் வெள்ளிப் பூச்சாக இருக்கும். கல்யாணமான புதிதில் அக்கா அதைப் பெருமையாகச் சொல்வாள், அவர் சட்டை அலசிய தண்ணீர்கூடப் பளபளக்குமாம். நானும் அவரை உற்சவமூர்த்தி என்று கேலி செய்திருக்கிறேன். அவரும் சிரிப்பார், இருமிக்கொண்டே.

இப்போது அவருக்கு மூக்கில் ஒரு மெல்லிய குழாய். கட்டிலுக்கு அடியில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்று நாள் முழுக்க உறுமிக்கொண்டு கிடக்கிறது. கரண்டு போனால் மாற்றிக்கொள்ள மூலையில் சிலிண்டர். பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய நுரையீரல் தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். டாக்டர்களுக்கு உவமை வந்தால் நமக்கு நல்ல காலம் இல்லை. வீட்டில் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்தி எல்லாம் நின்றுபோயின. மாவு சலிப்பதைக்கூட அக்கா புழக்கடைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

மகள் ராக்கெட் மருந்து செய்யப் போகிறாள் என்று கேட்டதும் அத்தான் ஒரே வார்த்தைதான் சொல்லியிருக்கிறார். வேண்டாம். அதற்கு மேல் பேச அவருக்கு மூச்சும் இல்லை, விருப்பமும் இல்லை. மருமகள் எதிர்த்துப் பேசவில்லை. அப்பா சரி என்று சொல்லாமல் போகமாட்டேன் என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துகொண்டாள். கம்பெனிக்காரர்கள் சேரும் நாளைக் கேட்டு போன் செய்துகொண்டிருந்தார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டாள். தாய்மாமன் என்று ஒருத்தன் எதற்கு இருக்கிறான், காது குத்துக்கு மடியில் உட்காரவைக்க மட்டுமா என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

முதலில் எனக்கு விஷயம் விளங்க வேண்டியிருந்தது. தென்காசி ரயில்வே நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் வைத்து மருமகள் எனக்குப் பாடம் எடுத்தாள். நிலாவின் மண்ணில் உலோகமும் ஆக்சிஜனும் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு கிடக்கின்றனவாம். இரண்டையும் பிரித்து, உலோகத்தைப் பொடியாக்கி, ஆக்சிஜனைக் கடுங்குளிரில் திரவமாக்கி வைத்துக்கொண்டு, எஞ்சினுக்குள் மறுபடியும் சந்திக்கவிட்டால் எரிந்து தள்ளுமாம். இங்கிருந்து எரிபொருளைச் சுமந்துகொண்டு போகவேண்டிய தேவையே இல்லை. அங்கே போய் அங்கேயே மருந்து செய்து கிளம்பிவரலாம். பிரித்து வைத்த இரண்டு பேரை மறுபடி சந்திக்கவிட்டால் பற்றிக்கொள்ளும் என்பதை நம் குடும்ப விசேஷங்களில் நானே பார்த்திருக்கிறேன் என்றேன். அவள் மரியாதைக்குச் சிரித்தாள். பிறகு, எந்தப் பொடி என்று கேட்டேன்.

"அலுமினியம்தான் மாமா" என்றாள்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு சாமான்களும் ஏற்கெனவே அவள் வீட்டில் ஒரே கட்டிலில் இருந்தன. ஒன்று அவள் அப்பாவின் நெஞ்சுக்குள், இன்னொன்று அவர் மூக்கில். எதைக் கண்டாலும் கட்டுரையாக்கிவிடும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை.

பேச்சுவார்த்தைக்கு இடம் பார்க்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். பெரிய யுத்தங்களுக்குப் பிறகு நடந்த உடன்படிக்கைகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். அநேகமாக எல்லாமே மலையும் தண்ணீரும் உள்ள குளுகுளு ஊர்களில்தான் கையெழுத்தாகியிருக்கின்றன. நமக்குக் குற்றாலம் இருக்கிறது. சாரல் ஆரம்பித்து நன்றாக விழுந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் அத்தான் சாரலை ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தார். டாக்டரிடம் கேட்டோம். கூட்டத்துக்குள் இறங்காமல் காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வருவதென்றால் போய்வாருங்கள் என்றார்.

என்னுடைய பழைய காரில் அக்கா முன்சீட்டிலும் அத்தானும் மருமகளும் பின்சீட்டிலும் உட்கார்ந்தார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சின்ன சிலிண்டர், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு. காரில் ஒழுங்காகப் பெல்ட் போட்டிருந்தது அது மட்டும்தான். ஐந்தருவியில் கார் நிறுத்துகிற இடத்தில் நல்ல கூட்டம். ஒரு இடம் காலியாக இருந்ததைப் பார்த்து, என் ஓட்டும் திறமையில் எனக்கே ஆச்சரியம் வரும்படி ஒரே திருப்பில் உள்ளே விட்டேன்.

"மாப்ளே, தள்ளி நிப்பாட்டும்" என்றார் அத்தான்.

"மாமா, இங்கன வேண்டாம்" என்றாள் மருமகள், அதே நேரத்தில்.

எனக்கு எதிரில் பஜ்ஜிக் கடை. வாணலிக்கு அடியில் அடுப்பு நீலமாக எரிந்துகொண்டிருந்தது. ஆக்சிஜனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெருப்புக்கு முன்னால் போய் நிற்கிறோம் என்பது அந்த இரண்டு பேருக்குத்தான் உடனே பட்டது. எனக்குப் பஜ்ஜி மட்டும் பட்டது. கண்ணாடியில் பார்த்தேன். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் வண்டியைக் கடைகளுக்கு அப்பால், மரத்தடிக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்து அருவி தெரியவில்லை, சத்தம் கேட்டது. கண்ணாடியை இறக்கியதும் சாரல் உள்ளே வந்தது. அத்தான் முகத்தைத் திருப்பி அதில் காட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். எண்ணெய்ப் புட்டிகளோடு மசாஜுக்கு ஆள் பிடிக்கிற ஒருத்தர் ஜன்னலில் குனிந்து, குழாயைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்து போய்விட்டார். அக்கா, காலை நனைத்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினாள். போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். ஆரம்பி என்று அர்த்தம்.

ஆரம்பித்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் நிலாவுக்கே போகிறார்கள், நாம் தென்காசியிலிருந்து குற்றாலம் வருவதற்கு டாக்டரிடம் கேட்கிறோம் என்ற ரீதியில் ஏதோ சொன்னேன். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது நன்றாக இருந்த வசனம். யாரும் சிரிக்கவில்லை. அத்தான் கண்ணைத் திறக்காமலே மகளிடம் கேட்டார்.

"அங்கன கருப்பட்டி குடுப்பாகளா?"

அவளுக்கு விளங்கவில்லை. எனக்கும்தான். மூச்சு திணறுகிறதோ, மயக்கமாக வருகிறதோ என்று நான் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தேன். அவர் தெளிவாகத்தான் இருந்தார். நடுநடுவே நிறுத்தி, மூச்சு சேர்த்துக்கொண்டு, அவர் சொன்னது இது. பொடிக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டுக்குப் பக்கத்தில் ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி கொடுப்பார்கள். தொண்டையில் ஒட்டிய பொடியைக் கருப்பட்டி வயிற்றுக்கு இறக்கிவிடும், வயிற்றுக்குப் போனது காலையில் வெளியே போய்விடும். இது அங்கே எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். முகத்தில் கட்ட துணியும் கொடுத்தார்கள்தான். அந்தப் புழுக்கத்தில் அதைக் கட்டிக்கொண்டு வேலை செய்ய முடியாது, வெற்றிலை போட முடியாது, ஒருத்தனை ஒருத்தன் கூப்பிட முடியாது. எல்லாரும் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். கருப்பட்டி இருக்கும்போது துணி எதற்கு. பிற்பாடு அத்தான் மேஸ்திரி ஆனபோது கருப்பட்டி கொடுப்பது அவர் வேலையாயிற்று. புதிதாகச் சேர்ந்தவர்கள் இருமினால், கருப்பட்டி தின்னாச்சில்லா, பொறவு என்ன என்று அவரே சொல்லியிருக்கிறாராம்.

மருமகள் அவர் பக்கம் திரும்பினாள்.

"எப்பா, அந்தக் கருப்பட்டிய நீங்க எனக்குல்லா கொண்டாருவிய."

அத்தான் தலையை ஆட்டினார்.

"தெனமுமா?"

"நீ வாசல்ல வந்து நிப்பியே."

"அப்ப நீங்க திங்கவே இல்லையா?"

"தின்னிருந்தாலும் இதே கததாம்" என்றார் அத்தான். அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடியில் பார்த்ததால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் எதிரே நின்ற வண்டியின் மூடிமேல் ஏறி உட்கார்ந்துவிட்ட ஒரு குரங்கை மும்முரமாகக் கவனிக்க ஆரம்பித்தேன். பார்ப்பதற்கு வேறு இடம் இல்லை.

பிறகு அவள் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். மனு கொடுப்பது போல இல்லாமல், வேலை பார்க்கும் இரண்டு பேர் பேசிக்கொள்வது போலச் சொன்னாள். பொடி திறந்த வெளியில் இருக்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருப்பார்கள். பெட்டியிலேயே பொருத்திய கையுறைக்குள் வெளியிலிருந்து கையை விட்டுத்தான் வேலை செய்ய வேண்டும். திரவ ஆக்சிஜன் வேறு கட்டிடத்தில் இருக்கும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் மனிதர்களே இருக்கமாட்டார்கள், தூரத்தில் சுவருக்குப் பின்னால் இருந்துதான் பார்ப்பார்கள். இரண்டும் நேரத்துக்கு முன்னால் சந்தித்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிரிவின் வேலையே. சொல்லச் சொல்ல அவள் குரல் மாறிக்கொண்டு வந்தது. சென்னையில் ஏழெட்டு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவள் பார்த்த வேலையைப் பற்றி ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. அத்தானும் அதைக் கவனித்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்திருந்தார்.

"பெட்டிய யாரு கழுவுவா?" என்று கேட்டார்.

பொய் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. அதற்குத் தனியாக ஆள் இருக்கிறது என்று ஒரு வார்த்தை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். பெட்டி கழுவும் மெஷின் ஒன்றையே கண்டுபிடித்துக் கொடுத்திருப்பேன். எனக்குத் தொழிலே அதுதான்.

"நாந்தாம்பா" என்றாள் மருமகள். "புதுசா சேருதவங்கதான் மொத வருசம் கழுவணும். முகமூடி உண்டு, காத்துக் குழாய் வச்சது. ஆனா பெட்டியத் தொறந்துதான் ஆவணும்."

அத்தான் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா ஈரப் புடவையும் நேந்திரங்காய் வறுவலுமாக வந்து ஏறி, எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போவோம் என்றார் அத்தான். வருகிற வழியெல்லாம் சாரல். என் வண்டியின் வைப்பர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும். அந்தப் பக்கம் என் பக்கம் இல்லை.

அதற்குப் பிறகு ஒருவாரம் போல ஒன்றும் நடக்கவில்லை. மருமகள் கம்பெனிக்குத் தவணை சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒருநாள் சொன்னாள், தைரியமாகக் கிளம்பிப் போய்விடலாம்தான், ஆனால் அங்கே போய்ப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த மெஷின் உறுமுவது காதில் கேட்கும், கை நடுங்கினால் அந்த வேலைக்கு ஆகாது என்று. அவள் கேட்டது அனுமதி மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நடுங்காத கை அவளுக்கு வேண்டியிருந்தது. அதைத் தரக்கூடியவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

நான் அத்தானிடம் தனியாகப் பேசிப் பார்த்தேன். விஞ்ஞானம், முன்னேற்றம், பெண்களின் எதிர்காலம் என்று மூன்று கட்டுரைக்கு ஆகும் அளவு பேசினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். ஓடித் தப்பிக்க முடியாதவர். முடிவில், ஒரு வாய் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"அவ பொய் சொல்லிருக்கலாம்லா மாப்ளே, அன்னைக்கு."

சொல்லியிருக்கலாம்தான் என்றேன்.

"எங்கிட்ட ஒருத்தனும் உள்ளதச் சொல்லல. நானும் ஒருத்தன்ட்டயும் சொல்லல. எனக்கே தெரியாதுன்னு வையும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நாளைக்கி இவளுக்குக் கீழ ஒருத்தன் வேலைக்கி வருவாம்லா. பெட்டிய யாரு கழுவன்னு அவனும் கேப்பான்."

சம்மதம் என்று மட்டும் சொல்லவில்லை. சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை என்று கையை விரித்தேன். ஆனால் மறுநாள் காலையில் மருமகளை அவரே கூப்பிட்டு, ரயிலுக்குச் சீட்டு எடுத்தாச்சா என்று விசாரித்திருக்கிறார். அவ்வளவுதான்.

கிளம்புகிற அன்றைக்குச் சாயங்காலம் போயிருந்தேன். சென்னை ரயிலுக்கு நேரம் இருந்தது. ஆனாலும் அக்கா, நேரம் ஆகிவிட்டது என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அம்மாள் வந்து, முட்டு வலியை மறந்துவிட வேண்டாம் என்று மருமகளிடம் நினைவுபடுத்திவிட்டுப் போனார். மருமகள் சரி ஆச்சி என்றாள். யாரும் திருத்தவில்லை.

அத்தானைக் கட்டிலில் நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்திருந்தோம். மருமகள் விழுந்து கும்பிட்டாள். அவர் அக்காவிடம் திருநீறு கேட்டார்.

அக்கா தயங்கினாள். டாக்டர் எந்தத் தூளும் கிட்டே வரக்கூடாது என்று சொல்லியிருந்தார். அவர் கையை நீட்டியபடியே இருந்தார். அக்கா சாமி அறையில் பொதிந்து வைத்திருந்ததை எடுத்துவந்து, அவர் முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நீட்டினாள். அவர் ரொம்பக் கொஞ்சமாக, இரண்டு விரலில் ஒட்டுகிற அளவுக்கு மட்டும் எடுத்தார். எடுத்ததைச் சிந்தாமல் கொண்டுபோனார். பொடியைக் கையாண்டு பழகிய கை. மகள் நெற்றியில் பூசினார்.

பூசினால் ஊதிவிட வேண்டும், கண்ணில் விழாமல். அது நாம் எல்லாரும் யோசிக்காமல் செய்கிற காரியம். அத்தான் இடது கையை மகளின் புருவத்துக்குக் கீழே கூரை மாதிரி குவித்துப் பிடித்துக்கொண்டார். வலது கையால் மூக்கிலிருந்த குழாயை விலக்கினார். அக்கா, வேண்டாம், நான் ஊதுகிறேன் என்று முன்னால் வந்தாள். அவர் தலையை அசைத்து நிறுத்திவிட்டார்.

ஊதினார். காற்று வந்ததாகவே தெரியவில்லை. திருநீறு அப்படியே இருந்தது. மருமகள் கண்ணை மூடி, முகத்தை நிமிர்த்தி, அசையாமல் மண்டியிட்டிருந்தாள். அவர் தோள் இரண்டும் ஏறி இறங்கின. கட்டிலுக்கு அடியில் மெஷின் ஆளில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு நேரம் ஆயிற்று. அவள் காத்திருந்தாள். மறுபடி ஊதினார். இந்தத் தடவை நெற்றியிலிருந்து கொஞ்சம் பறந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

அக்கா ஓடிப்போய்க் குழாயை மாட்டினாள். அவரால் பேச முடியவில்லை. போயிட்டு வா என்பதை அக்காதான் சொன்னாள், இரண்டு பேருக்குமாகச் சேர்த்து.